அம்மன் காசு முதல் உரிமைத்தொகை வரை: நார்த்தாமலைத் தாய்மாரும் பிள்ளைகளின் குணமும்

நார்த்தாமலை விலக்கில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியதிலிருந்து ஊரில் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆத்தாளிடம் காசு இருப்பது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதாம். அதனால் கடைவாசலில் நின்று அடம்பிடிக்கிறதாம், சொல்பேச்சுக் கேட்பதில்லையாம். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பெரியவருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு பம்புசெட்டும் உண்டு. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அந்த இலவசத்தால் அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளின் குணம் என்ன ஆயிற்று என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

ஏழைத் தாய்க்குத் தரப்படும் உதவி அவள் பிள்ளையின் நடத்தையை என்ன செய்கிறது என்பது கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில்களும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வி நம் சமூகத்தில் தாயை நோக்கி மட்டுமே கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அவள் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பிள்ளையின் ஒழுக்கத்தைச் சான்றாகக் காட்டவேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையில் அந்தக் கேள்வியின் வரலாற்றையும் அதற்கான பதிலையும் என் ஊர்ப்பக்கத்திலிருந்து பார்க்க முயல்கிறேன்.

தானம் என்ற காலம்

புதுக்கோட்டை 1948 வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அம்மன் காசு என்று தனக்கென ஒரு சிறு செப்புக்காசை அச்சிட்டுக்கொண்ட சமஸ்தானம் அது. ஒருபுறம் பிரகதாம்பாள் உருவமும் மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்தும் இருக்கும். நவராத்திரி நாட்களில் அரிசியோடு இந்தக் காசும் தானமாக வழங்கப்பட்டது. தானத்துக்கு நாள் குறிப்பவர் கொடுப்பவர்தான். இடமும் அவருடையது, அளவும் அவருடையது. வாங்குபவர் கை நீட்டலாம். அடுத்த மாதம் என்ன என்று கேட்க முடியாது.

அதே ஊரில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி. தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். முத்துலட்சுமி மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண், அதிலும் அந்தக் குடும்பத்துப் பெண் வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்றார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்ததால் அவர் படித்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவை உறுப்பினராகி, அதன் துணைத்தலைவரான முதல் பெண்ணும் ஆனார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தாய் யார் என்பதை வைத்து மகளின் நடத்தையை முன்கூட்டியே தீர்மானித்தார்கள். அந்த மகளால் ஊரார் வீட்டு ஆண்பிள்ளைகளின் நடத்தையும் கெடும் என்றார்கள். ஆண்பிள்ளைகளின் ஒழுக்கத்துக்கும் ஒரு பெண்தான் பொறுப்பு. பேருந்து நிறுத்தத்துப் பெரியவரின் பேச்சு ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுப் பழசு என்று எனக்குப் பட்டது இதனால்தான்.

எடை பார்த்த காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு தானத்தின் இடத்தில் திட்டம் வந்தது. காமராசர் காலத்தில் 1956இல் பள்ளி மதிய உணவு பரவத் தொடங்கியது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. முதல் கட்டத்தில் சேர்க்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் புதுக்கோட்டையும் ஒன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்ப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்குச் சத்துமாவு உருண்டை கிடைக்கும். எடை தேறியதும் உருண்டை நின்றுவிடும். மிச்சத்தைத் தாய் பார்த்துக்கொள்வாள் என்பது கணக்கு. பிள்ளை மெலிவதற்குக் காரணம் தாயின் அறியாமை, அதைப் போக்கினால் போதும் என்ற எண்ணம் அந்தத் திட்டத்துக்குள் ஓடியது. கூலி குறைவு, கிணறு தூரம், தாய்க்கு நேரம் இல்லை என்பதையெல்லாம் தராசு காட்டாது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது. இதைப் பிள்ளைகளுக்கான திட்டம் என்றே எல்லோரும் சொல்கிறோம். அது தாய்மாருக்கான திட்டமாகவும் இருந்தது. அமைப்பாளர், சமையலர், ஆயா ஆகிய வேலைகளில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. சம்பளம் சிறியது, மதிப்பூதியம் என்றுதான் அதற்குப் பெயர். இருந்தாலும், கணவனை இழந்தால் கூலிக்கோ பிறந்த வீட்டுக்கோ போவதைத் தவிர வழியில்லாத பெண்ணுக்கு ஊருக்குள்ளேயே ஒரு வேலையும், அரசுப் பதிவேட்டில் ஒரு பெயரும் கிடைத்தன. மற்ற தாய்மாருக்கோ, காட்டு வேலைக்குப் போன பிறகு மத்தியானம் பிள்ளை என்ன சாப்பிட்டதோ என்ற கவலை கொஞ்சம் குறைந்தது.

பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வகுப்பறை இரண்டு பெயர்களால்தான் அழைக்கும். தூங்கினால் மந்தம், தூங்காவிட்டால் சேட்டை. டெல்லியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மதிய உணவு விரிவாக்கப்பட்டபோது ஃபர்ஸானா அஃப்ரிதியும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு செய்தார்கள். பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்துப் பார்த்ததில், உணவு கிடைத்தவர்களின் கவனம் கூடியிருந்தது. ‘மந்தம்’ என்ற சொல்லில் பாதி, சோற்றுப் பானையைப் பற்றிய சொல் என்பது இதிலிருந்து தெரிகிறது. இந்திய மதிய உணவுத் திட்டம் பற்றி 2021இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, பள்ளியில் உணவு கிடைத்த சிறுமிகள் பின்னாளில் தாயானபோது அவர்களுடைய குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருந்ததைக் காட்டியது. ஒரு சிறுமியின் தட்டில் விழுந்த சோற்றுக்கு விளைவு தெரிய இருபது ஆண்டுகள் கூட ஆகலாம். ஆயிரம் ரூபாய் வந்த மறுமாதமே பிள்ளை திருந்தியதா, கெட்டதா என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கல்லும் பிள்ளையும்

நார்த்தாமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீச்சரமும் பங்குனியில் நடக்கும் முத்துமாரியம்மன் திருவிழாவும்தான் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சுத்தியல் சத்தம். என் சித்தி அந்தப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் ஜல்லி உடைத்தார். பள்ளி விடுமுறையில் சித்தி வீட்டுக்குப் போனால் பகல் முழுவதும் குவாரியில்தான். கைக்குழந்தைகள் வேப்பமரத்துத் தூளியில் கிடக்கும். நடக்கத் தெரிந்தவை கல் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். ஏழெட்டு வயதானால் கையில் ஒரு சின்னச் சுத்தியல் வந்துவிடும்.

கூலி லோடு கணக்கு. முதலில் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், பிரசவத்துக்கோ சடங்குக்கோ. அந்த முன்பணம் கழிந்ததா, இல்லையா என்பது ஒப்பந்தக்காரர் நோட்டில்தான் தெரியும். சனிக்கிழமை கூலி வரலாம், வராமலும் இருக்கலாம். வராத சனிக்கிழமை இரவு, சித்தி மகனுக்கு அடி விழும். எதற்காக என்று அவனுக்கும் தெரியாது, சித்திக்கும் தெரியாது. அவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். யாரோடும் பேச மாட்டான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் திரும்பிவிடுவான். ஊரில் அவனுக்குப் பெயர் ‘அழுத்தக்காரன்’.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. ஆனால் முன்பணம் என்ற பெயரில் அந்த முறை குவாரிகளில் தொடர்ந்தது. 1990களின் தொடக்கத்தில்தான் புதுக்கோட்டையில் ஒரு மாற்றம் நடந்தது. ஷீலாராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம் அது. அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போனது. பெண்கள் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அதே காலத்தில், அரசு நிலத்தில் இருந்த கல்குவாரிகள் பலவும் அவற்றில் கூலியாக இருந்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் நூலில் புதுக்கோட்டையின் குவாரிப் பெண்களையும் சைக்கிள் பெண்களையும் பற்றி எழுதியிருக்கிறார்.

சித்தியும் ஒரு குழுவில் சேர்ந்தார். வேலை அதே வேலைதான். கல் மிருதுவாகிவிடவில்லை. ஆனால் லோடு கணக்கு இப்போது பெண்களின் நோட்டில் இருந்தது. அறிவொளியில் கற்ற எழுத்தால் சித்தியே சில நாள் கணக்கு எழுதினார். வாரத்தில் எந்த நாள் காசு பிரிப்பார்கள் என்பது தெரிந்தது. காய்ச்சல் என்றால் ஒருநாள் வராமல் இருக்கலாம். யாரும் வீடு தேடி வந்து மிரட்ட மாட்டார்கள். தம்பி குவாரிக்கு வருவது குறைந்தது. முதலில் அது சித்தியின் முடிவுகூட இல்லை. அவன் உடைக்கும் இரண்டு கூடை ஜல்லியை நம்பி வீடு இல்லை என்ற நிலை வந்ததால் தானாக நடந்தது. பள்ளிக்கு ஒழுங்காகப் போனான். பேச ஆரம்பித்தான். பிறகு எதிர்த்துப் பேசவும் ஆரம்பித்தான். பள்ளியிலிருந்து புகார் வந்தது. சித்தி சிரித்துக்கொண்டே என் அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது: “காசு வர்ற நாளு தெரிஞ்சிருச்சுக்கா. பிள்ளைய அடிக்கக் கை வரல.”

சில ஆண்டுகளில் குத்தகைக் காலம் முடிந்தது. பிறகு அந்தக் குவாரி ஏலத்தில் வேறு கைக்குப் போனது. ஏலத் தொகை கட்டும் வசதி பெண்கள் குழுவுக்கு இல்லை. சித்தி மறுபடி கூலியானார். தம்பி ஒன்பதாம் வகுப்போடு நின்று திருப்பூருக்குப் போனான். அவன் படிப்பு நின்றதற்கு அவனுடைய வாய்த்துடுக்கைக் காரணம் சொன்னவர்கள் ஊரில் இருந்தார்கள். குவாரி கைமாறியதைச் சொன்னவர்கள் குறைவு.

வேறு நாட்டுச் சாட்சிகள்

ஒரு வீட்டுக் கதையை வைத்து வரலாறு எழுத முடியாது என்று என் மாணவிகளிடம் நானே சொல்வதுண்டு. அதனால் சித்தி சொன்ன வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு வெளியில் தேடினேன்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் மலைப்பகுதிப் பிள்ளைகள் 1,420 பேரின் மனநலத்தை 1993 முதல் ஓர் ஆய்வுக்குழு ஆண்டுதோறும் கவனித்து வந்தது. அவர்களில் கால்வாசிப் பேர் செரோக்கி பழங்குடியினர். ஆய்வின் நடுவே அந்தப் பழங்குடியினரின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. அதன் லாபத்தில் ஒரு பங்கு, நிபந்தனை எதுவும் இல்லாமல், பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் முறையாகக் கிடைத்தது. இது தாய்மாருக்கென்று வந்த பணமல்ல, எல்லோருக்கும் வந்தது. ஜேன் காஸ்டெல்லோவும் குழுவினரும் 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வறுமையிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், எதிர்ப்பு, விதிமீறல் போன்ற நடத்தைச் சிக்கல்கள் குறைந்து, எப்போதும் ஏழையாக இருந்திராத பிள்ளைகளின் அளவுக்கு வந்தன. பதற்றமும் மனச்சோர்வும் அப்படி மாறவில்லை. நடத்தை ஏன் மாறியது என்று பார்த்தபோது முக்கியமாகத் தெரிந்த காரணம், பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரமும் மனமும் கிடைத்ததுதான். சித்தி சொன்னதற்கு இது வெகு பக்கத்தில் இருக்கிறது.

இன்னும் பழைய சாட்சி ஒன்றும் உண்டு. 1911இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கி, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் ஏழைத் தாய்மாருக்கு, குறிப்பாகக் கைம்பெண்களுக்கு, மாத உதவித்தொகை கொடுத்தன. அந்தக் காலத்து விண்ணப்பங்களைத் தோண்டியெடுத்து, உதவி கிடைத்த தாய்மாரின் மகன்களையும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட தாய்மாரின் மகன்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வந்தது. கிடைத்தவர்களின் மகன்கள் ஏறத்தாழ ஓராண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள்; கொஞ்சம் அதிகமாகப் படித்தும் இருந்தார்கள். ஆனால் அந்த உதவிக்கு ஒரு விலை இருந்தது. ‘தகுதியுள்ள தாய்’ என்று நிரூபிக்க வேண்டும். வீட்டைச் சோதிக்க ஆள் வரும். கறுப்பினத் தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் அந்தத் தகுதிக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். பிள்ளைக்கு நன்மை செய்த அதே திட்டம் தாயைக் கண்காணிக்கவும் செய்தது. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதும் முக்கியம். பிரிட்டனில் எலினார் ராத்போன் 1924இல் வெளியிட்ட நூலில் தொடங்கிப் பல ஆண்டுகள் வாதாடியதன் விளைவாக 1945இல் குடும்பப் படிச் சட்டம் வந்தது. அந்தப் படி தாயின் கையில் தரப்பட வேண்டும் என்பதற்கும் அவர் போராட வேண்டியிருந்தது. 1970களின் இறுதியில் அங்கே தந்தையின் வரிச்சலுகையாக இருந்த ஒரு தொகை தாய்க்கான படியாக மாற்றப்பட்டபோது, குடும்பச் செலவில் பெண்கள், குழந்தைகளின் துணிமணிக்கான பங்கு கூடியது. குடும்பத்தின் மொத்த வருமானம் ஏறவில்லை. கைதான் மாறியது.

உரிமை என்ற சொல்

தமிழ்நாட்டில் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு நம் ஊர் முத்துலட்சுமியின் பெயரே வைக்கப்பட்டது. 2006இல் தொகை 6,000 ரூபாயானது, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000. கர்ப்ப காலத்தில் கூலிக்குப் போகாமல் கொஞ்ச நாளாவது வீட்டில் இருக்க அது உதவியது என்று பல பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் பணம் தவணை தவணையாக, நிபந்தனை நிபந்தனையாக வரும். கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் பிரசவம் நடக்க வேண்டும். தடுப்பூசி போட வேண்டும். வயது 19 நிரம்பியிருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும்தான். தடுப்பூசி நல்லதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் தாயாக்கப்பட்ட பெண்ணுக்கும் மூன்றாவதாகப் பிறந்த பிள்ளைக்கும் பசி குறைவாகவா இருக்கும்? தாயின் நல்நடத்தைக்குப் பரிசு என்று திட்டத்தை வகுத்தால், யாருக்கு மிக அதிகம் தேவையோ அவர்களே வெளியே நிற்க நேரிடும்.

2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னொரு வழியில் யோசித்தது. வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று அது சொன்னது. பிள்ளை பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று சட்டமே எழுதியது எனக்குப் பெரிய செய்தி. குவாரி வேப்பமரத்துத் தூளியை ஆட்டியவர்களுக்கு எவரும் கூலி கொடுத்ததில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தில், தொடக்கத்தில் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. வருமானம், நிலம், மின்சாரப் பயன்பாடு ஆகியவற்றை வைத்துத் தகுதி பார்த்தார்கள்; பிள்ளைகள் எத்தனை, தடுப்பூசி போட்டாயா என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் பெண்கள் கூலியின்றிச் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. அந்த உழைப்புக்கு ஆயிரம் ரூபாய் ஈடாகாது. வீட்டு வேலை பெண்ணுடையதுதான் என்பதை இந்தத் தொகை உறுதிப்படுத்திவிடாதா என்ற கேள்வியும் நமக்குள் இருக்கிறது. அந்த விவாதம் நடக்கட்டும். ஆனாலும் நவராத்திரித் தானத்திலிருந்து இது வேறு பொருள். வரும் நாள் தெரியும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று மனு எழுதலாம். எங்கள் ஊர்ப் பெண்கள் எழுதுகிறார்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இது: தாய்க்கு வரும் உதவி பிள்ளையின் குணத்தைத் தொடுகிறது. தொகையின் அளவு மட்டும் அதைச் செய்வதில்லை. காசு தவறாமல் வருகிறதா, அவள் கைக்கு வருகிறதா, அதற்காக அவள் எவ்வளவு கூனிக்குறுக வேண்டியிருக்கிறது, பிள்ளையைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் பிள்ளையிடம் போய்ச் சேர்கின்றன. திட்டம் பாதியில் பறிபோனால் அதுவும் போய்ச் சேர்கிறது. என் தம்பியிடம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஆகவே பிள்ளை கெட்டதா என்று தாயைக் கேட்பதற்கு முன்பு, குவாரியை ஏலத்தில் எடுத்தது யார், பால்வாடி எத்தனை மணிக்கு மூடுகிறது, கூலி எந்தத் தேதியில் வந்தது என்று கேட்க வேண்டும்.

தம்பி இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டான். அவன் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்; காலை உணவும் மதிய உணவும் பள்ளியில். அவன் மனைவிக்கு உரிமைத்தொகை வருகிறது. போன முறை போயிருந்தபோது அந்தச் சிறுமி கடைவாசலில் நின்று கலர் பென்சில் பெட்டிக்காகக் கால் உதைத்து அழுதாள். பெரியவர் சொன்ன அதே அடம். சித்தி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்காமல் விறைத்துப்போன கைகள் மடியில் கிடந்தன.

குவாரியில் நான் பார்த்த பிள்ளைகள் ஒருவர்கூட அடம்பிடித்ததில்லை. கேட்டால் கிடைக்கும் என்று நினைக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. ஊரார் அதை நல்ல குணம் என்றார்கள்.